தமிழ்ப் பிரதி

மாநகர சபை ஒரு தரப்பு,
பல்கலைக்கழகம் மறு தரப்பு.
நடுவில் நான்:
மொழிபெயர்ப்பாளர் வெற்றிடத்தைப்
பதில் கடமையாகப் பார்க்கும்
வரிமதிப்புக் கிளை எழுதுவினைஞர்.

பதினொரு பக்கம்.
வெள்ளிக்கிழமை ஒப்பம்.
புதன் பின்னேரம் என் மேசைக்கு வந்தது
ஆணையாளரின் தேநீர்க் கறையோடு.

பதுளை பசார் வீதி அந்த வருடம்
இரண்டு முறை ஆறாகிவிட்டிருந்தது.
கான்களை அளந்து வரைபடம் தரப்
பிள்ளைகள் வருவார்கள்.
சபை அவர்களுக்குச் சப்பாத்து, டோர்ச்,
பகல் சாப்பாடு,
கூடவே ஞானப்பிரகாசத்தையும் கொடுக்கும்.
(அவர் பெயர் உடன்படிக்கையில் இல்லை.
‘கள உதவி’ என்றிருந்தது.)

‘கூட்டாண்மை’ என்று தட்டினேன்.
அழித்தேன். ‘பங்காளித்துவம்.’
அது யாரோ இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு
கலியாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது.
விட்டுவிட்டேன், நேரமில்லை.

நான்காம் பிரிவில் நின்றேன்.
சிங்களத்தில் ‘நகரத்தின் கான்கள்’.
ஆங்கிலத்திலும் அதுவே.
நகரத்தின் கான் எங்கே தொடங்குகிறது?
நான் பிறந்தது எல்லைக் கல்லுக்கு மேலே,
பதினாறு காம்பிரா லயத்தில்.
எங்கள் பீலித் தண்ணீர்
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இறங்கிக்
கல்லைத் தாண்டும்போது
கம்பெனியிலிருந்து சபைக்கு மாறும்.
நிறம் மாறாது.

‘நகரத்துக்குள் வரும் கான்கள்’
என்று எழுதினேன்.
ஒரு பெயரெச்சம். அவ்வளவுதான்.

பதினொன்றாம் பிரிவை
ஒரு சொல் பிசகாமல் பெயர்த்தேன்:
‘முரண்பாடு ஏற்படின்
சிங்களப் பிரதியே மேலோங்கும்.’

வெள்ளிக்கிழமை பாற்சோறு,
வெல்வெட் பெட்டிக்குள் பேனா.
கலாநிதி உதேனி வெலகெதர
தமிழ்ப் பிரதியைத் தலைகீழாகப் பிடித்து,
சிரித்து,
திருப்பிக்கொண்டு ஒப்பமிட்டார்.

மூன்று மாதம் கழித்து
யோகராணி வந்தாள் கவுண்டருக்கு,
பீலிக்கரைச் சங்கத்துச் செயலாளர்,
அரைப்பேரை விட்டுவிட்டு.
கையில் நகல்.
விரல் சரியாக அந்த வரியில்.
“எங்க கானும் வருதே இதுல.
எப்ப அளக்க வாறாங்க?”

யார் எழுதினது இது என்றார் ஆணையாளர்.
கோப்பு சட்டப் பிரிவுக்குப் போனது.
கோப்பு போனால் தெரியும்தானே.

அதற்குள் ஒரு சனிக்கிழமை
வினுரியும் பாத்திமா சஸ்னாவும்
காலில் அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு
ஞானப்பிரகாசம் முன்னால் நடக்க
மேலே ஏறியிருக்கிறார்கள்.
யாரையும் கேட்கவில்லை.

இரண்டாம் வரைபடத்தில்
நீலக் கோடு கல்லைத் தாண்டித்
தேயிலைக்குள் வளைந்து வளைந்து போகிறது.
முடிகிற இடத்தில் பென்சிலால்
மூன்று மொழியிலும், சின்னதாக:
குளிக்கும் இடம். படி உடைந்திருக்கிறது.
தமிழில் ஓர் எழுத்துப் பிழை.
நான் திருத்தவில்லை.

படி இன்னும் உடைந்துதான் இருக்கிறது.

இன்று மேசையில் அடுத்தது:
பல்கலைக்கழக நூலகத்தை
ஊருக்குத் திறந்துவிடும் உடன்படிக்கை.
‘நகரவாசிகள்’ உறுப்பினராகலாமாம்.
அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில்
கர்சர் மினுங்கிக்கொண்டிருக்கிறது.
ஆணையாளர் இந்த முறை
தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை
என் கதிரைக்கு அருகில்
உட்கார வைத்திருக்கிறார்.