பக்கத்துக்கு நாற்பது ரூபா

வெள்ளவத்தை, முப்பத்தேழாம் ஒழுங்கை,
நாலாம் மாடி. லிஃப்ட் இன்றைக்கும் வேலையில்லை.
சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு
பத்தொன்பது வருசத்து நாவலை
அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
கறையான் தொடவில்லை,
அதுவும் ஒரு விமர்சனந்தான்.

முதல் அத்தியாயத்தில் மழை.
இரண்டாவதிலும் மழை.
அதற்குப் பிறகு, கதாநாயகி அழ நினைத்தபோதெல்லாம்
வானம் முந்திக்கொண்டது.
எண்ணினேன், இருபத்திமூன்று தரம்.
கொழும்பில்கூட அவ்வளவு பெய்யாது.
இரண்டை மட்டும் விட்டேன்.
ஒன்றில் பாமன்கடை வெள்ளத்தில்
ஒரு ஓட்டோ மிதக்க வேண்டியிருந்தது.
மற்றது, சும்மா, நல்ல மழை.

பகலில் கப்பல் கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன்.
பிழையான இலக்கத்தைச் சிவப்பில் வட்டமிட்டுப் பழகிய கை,
'போல' என்ற சொல் வந்த இடமெல்லாம் நின்றது.
அடித்தேன்.
கோட்டைக்குப் போகும் ரயில் ஜன்னலை ஆட்டியது.
எதைப் போலவும் இல்லை,
ஆட்டியது.

காலிமுகத்திடலில் யோகரூபன்
வாழ்க்கை பற்றி நாலு பக்கம் பேசுகிறான்.
பக்கத்திலிருந்து கேட்டவளுக்கு
ஒரு வசனம்கூட நான் கொடுக்கவில்லை.
என்ன வஞ்சகம், அதுவும் ஒரு பெண் எழுதியது!
இப்போது அவள்,
"இறால் வடை ஆறுது" என்கிறாள்.
அவன் வாயை மூடுகிறான்.
நாலு பக்கம் மிச்சம்.

பதினோராம் அத்தியாயத்துக்குப் பயந்துகொண்டே வந்தேன்.
தாய் சாகிற இடம்.
நான் எழுதியது ஞாபகமிருக்கிறது:
விளக்கு, காகம், விதி, மறுபடியும் விளக்கு.
பேனையை மூடி கழற்றி வைத்திருந்தேன்.
அந்தப் பந்தி அங்கே இல்லை.

சீ.ஆர். கொப்பியைத் தேடி எடுத்தேன்.
பச்சை மையில் ஒன்றரைப் பக்கம்
ஒரு சொல் குறையாமல் இருக்கிறது.
தட்டச்சுப் பிரதியிலோ
'அவளுடைய செருப்பு வாசலில் கிடந்தது' என்பதோடு
அத்தியாயம் முடிகிறது.

மருதானையில், போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறையில்
பாமினி எழுத்தில் அடித்துத் தந்தவள் ஜெசீமா.
பக்கத்துக்கு நாற்பது ரூபா.
வரி குறைந்தால் அவளுக்குத்தான் நட்டம்.
கடைசிக் கட்டைக் கையில் தரும்போது கேட்டாள்,
"மிஸ், திரும்ப வாசிச்சிப் பாத்தீங்களா?"
பார்த்தேன் என்றேன்.
பார்க்கவில்லை.

நாவலை முழுக்கப் படித்தவர்கள் மூன்று பேர்.
மூன்று பேரும் அந்தச் செருப்பைச் சொன்னார்கள்.
அதில் ஒருவர்
அதற்காகவே ஒருமுறை டெலிபோன் எடுத்தார்.
நானும் கூச்சத்தோடு நன்றி சொன்னேன்.

இரவு முழுக்கக் கொப்பியையும் பிரதியையும்
வரி வரியாக ஒப்பிட்டேன்.
இன்னும் இரண்டு இடம்.
இரண்டும் சரி.
ஒரு இடத்தில் என் காற்புள்ளியைக்கூட
முற்றுப்புள்ளியாக்கியிருக்கிறாள்.

சனிக்கிழமை 138 பஸ்ஸில் ஏறி
மருதானைப் பக்கம் இறங்கி நடந்தேன்.
கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள்.
பொடியன் நிமிராமலே கேட்டான்,
"எந்த ஜெசீமா?"
எனக்கும் தெரியவில்லை.
அவள் தகப்பன் பெயர், வீடு, எதை விரும்பி வாசிப்பாள்,
ஒன்றும் கேட்டதில்லை.
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

எல்லாமாக அஞ்சு பக்கம்.
இருநூறு ரூபா.
கணக்குப் பார்க்கிறவளுக்கு
இந்தக் கடனை எந்த நிரலில் போடுவது என்று தெரியவில்லை.

இருநூற்றெட்டுப் பக்கத்தில் வந்து நிற்கிறது நாவல்.
கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.
அதில் அவள் ஒன்றையும் தொடவில்லை.
பிடித்திருக்கலாம்.
அல்லது அன்றைக்கு நான் அவசரப்படுத்தியிருக்கலாம்,
மின்சாரம் போயிருக்கலாம்,
அந்தக் கிழமை அவளுக்குக் காசு தேவைப்பட்டிருக்கலாம்.

பேனையோடு இருக்கிறேன்.
முதல் வரியில் மழை.