ஒரு நிமிஷம் சும்மா

இருநூற்றிருபதில் வயசைக் கழி.
முதல் செமஸ்டரில் மண்டையில் ஏறிய ஒரே கணக்கு.
தளவாய்க்கு நாற்பத்து மூன்று.
ஆக, என்ன பாடுபட்டாலும் அவர் நெஞ்சு
நிமிஷத்துக்கு நூற்றெழுபத்தேழைத் தாண்டாது,
காகிதத்தில்.

பணகுடிக்குத் தெற்கே ஆடிக்காற்று
என் சம்மதப் படிவங்களைப் பறித்து
உடைமரத்தில் குத்தி வைத்தது.
ஓடிப்போய் மூன்றை மீட்டேன்.
எண்ணூறு மீட்டரில் மாநில அளவில் நாலாமிடம் நான்,
முழங்காலுக்குள் ஒன்று அறுந்துபோகும் வரை.
அறுந்ததன் பெயரை
அப்புறம்தான் பாடமாகப் படித்தேன்.

"இந்தப் பட்டையக் கெட்டுனா கரண்டு அடிக்குமா?"
"அடிக்காதுண்ணே. நெஞ்சு அடிக்கிறத எண்ணும், அவ்வளவுதான்."
உள்பக்கம் ஈரமாக வேண்டும்.
நான் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதற்குள்
தபால்தலை ஒட்டுகிறவர்போல்
எச்சில் தொட்டுத் தடவி மாட்டிக்கொண்டார்.

கோபுரத்தின் வயிற்றுக்குள்
எழுபத்தைந்து மீட்டர் இரும்பு ஏணி.
இடுப்பில் பன்னிரண்டு கிலோ ஸ்பேனர்.
"மேல போனதும் மூடியத் திறந்து
ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க.
எதையும் தொடக்கூடாது."
சிரித்தார்.
"பத்தொம்பது வருசத்துல, மேல போயி சும்மா நில்லுன்னு
சொன்ன மொத ஆளு நீங்கதான்."

அபிஷேகப்பட்டி.
லேபில் மின்விசிறி நமக்கு, ஏசி இயந்திரங்களுக்கு.
பங்கேற்பாளர் ஏழு.
உச்சத்தில் நூற்றெண்பத்தாறு.
சூத்திரத்தை ஒருவர் மீறிவிட்டாரென்று
எனக்கு உள்ளூரக் குஷி.
பிறகு அந்த நிமிஷம்.
மற்ற ஆறு பேருக்கும் கோடு
கிணற்றில் வாளி விட்டதுபோல இறங்கியிருந்தது,
முப்பது, முப்பத்தைந்து.
இவருக்கு எட்டு.
பன்னிரண்டுக்குக் கீழே என்றால் என்னவென்று
பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கிறது.
அந்த அரைப் பக்கத்தில்
'இறப்பு' என்ற சொல் நாலு தடவை.

"கருவிக் கோளாறா இருக்கும்.
ஏழ எடுத்துரு, சராசரி அழகா வரும்"
என்றார் எங்கள் சார், டீ ஆறுவதற்குள்.

போன் போட்டேன்.
"அந்த ஒரு நிமிஷம் என்ன செஞ்சீங்க?"
"நீங்க சொன்ன மாதிரி நின்னேன்."
கொஞ்சம் கழித்து,
"மேக்க மலையில மேகம் கெடந்துச்சு.
இங்கிட்டுத் திரும்புனா கடலு, தகரம் விரிச்சாப்ல.
இத்தன வருசமும் போல்ட்டத்தான் பாத்திருக்கேன் போல.
என்னமோ படபடன்னு வந்துட்டு."

கடலா, அடைப்பா?
எட்டு என்கிற எண்ணுக்கு அது தெரியாது.
இன்னொரு தடவை ஏறி
கண்ணை மூடிக்கொண்டு நின்றால் தெரிந்துவிடும்.
கச்சிதமான சோதனை.
ஐந்து நொடி அதை ஆசையாகப் பார்த்தேன்.
அந்த ஐந்து நொடி
என் ஆய்வேட்டில் வராது.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா ஏத்தமாட்டாவ.
வாசல்ல ஒக்கார வச்சிருவாவ."
"எதுலயும் உங்க பேரே கிடையாதுண்ணே. வெறும் ஏழு."
"ஏழு லீவு போட்டா
தளவாய்க்குச் சம்பளம் புடிப்பாவளா?"

வியாழக்கிழமை, நெல்லை பஸ்.
ஜன்னலோரம் அவர்.
வள்ளியூர் தாண்டியதும் கேட்டார்:
"ஆஸ்பத்திரிலயும் ஏறணுமா?"
"ஓடணும். நின்ன இடத்துலயே, மெஷின்ல."
"முன்னால என்ன இருக்கும்?"
"சுவரு."

நாங்குநேரி வரைக்கும் பேசவில்லை.
சுற்றாமல் நின்ற காற்றாலை ஒன்றை
கழுத்தைத் திருப்பிக் கடைசிவரை பார்த்தார்.

"அப்ப சரியாச் சொல்லிரும்" என்றார்.