பதினோரு விநாடி

நாகலூரிலிருந்து விடிகாலை பஸ்.
இறங்குகிற வழியில் வளைவுகள் தலைகீழாக வரும்,
இருபது, பத்தொன்பது, பதினெட்டு.
ஜன்னலோரம் ஜெனிட்டா பலகைகளைச் சத்தமாக வாசித்தாள்.
"பன்னி" என்று நின்றாள்.
முன்சீட்டுப் பையன் திரும்பிச் சிரித்தான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
"ரெண்டு" என்றாள்
பதினோரு விநாடி கழித்து,
வளைவு பின்னால் போயிருந்தது.
எதுவும் விட்டுப்போனதாக அவளுக்குத் தெரியாது.

மிளகு எடை எழுதும் நோட்டின் பின்பக்கம்
என் கையெழுத்தில் இருக்கிறது எல்லாம்:
தேதி, நேரம், எத்தனை விநாடி, கையில் என்ன இருந்தது.
டம்ளர். சீப்பு. நாய்க்குப் போட எடுத்த பிஸ்கட்.
கனவு காண்கிறாள் என்று டீச்சர் முட்டி போடவைத்த நாளுக்கு
விநாடி தெரியவில்லை, கோடு போட்டிருக்கிறேன்.
எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன் நான்.
பிரேக் போடாமல் ஒன்று எப்படி நிற்கும்?

ஏற்காடு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதித் தந்தபோது
காப்பி பூத்திருந்தது.
இப்போது பழம் பறிக்கிறார்கள்.
நடுவில் மூன்று முறை சேலம் வந்தோம்.
முதல் முறை டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார்,
கதவில் பெயரைச் சுரண்டிய தழும்பு மட்டும்.
அடுத்த முறையும் தழும்புதான்.
அப்புறம் புதுப்பெயர் வந்தது,
நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முப்பது டோக்கனும் முடிந்திருந்தது.
நாலு மாவட்டத்துக்கும் குழந்தை நரம்புக்கு இவர் ஒருத்தர்தான்,
அதுவும் வியாழன் மட்டும், என்கிறார்கள் வரிசையில்.
பெங்களூரில் காசு கட்டினாலும் தை மாசம்தான் தேதியாம்.

இன்று இருபத்தேழு.
கேட்டுக்கு வெளியே வாங்கிய தட்டுவடை செட்டை
பீட்ரூட் சிந்தாமல் தின்றுகொண்டிருந்தவள்
எங்கள் நம்பரைக் கூப்பிட்டபோது நின்றுபோனாள்,
வாய் பாதி திறந்து.
தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம்.
எட்டு மாசமாகக் காட்டத் துடித்ததை
டாக்டர் தன் கண்ணாலேயே பார்த்திருப்பார்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருபத்தேழு இல்லையா? இருபத்தெட்டு!"
எடப்பாடிக்காரி ஒருத்தி,
பத்து வயசுப் பையனை இடுப்பில் வைத்திருந்தவள்,
எழுந்து போய்
கதவு சாத்தாதபடி செருப்புக்காலை நடுவில் வைத்தாள்.
"அந்தப் பாப்பா தின்னு முடிக்கட்டும்"
என்றாள் உள்ளே பார்த்து.

டாக்டர் சின்ன வயசு. கண்ணில் தூக்கம்.
நோட்டை மூன்று பக்கம் புரட்டினார்.
"எப்படி நிக்கறான்னு செஞ்சு காட்டுங்க."

நின்றேன்.
கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு
மனசுக்குள் ஒன்று, இரண்டு.
நாலில் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
ஆறில் ஜெனிட்டா என் சட்டையைப் பிடித்தாள்.
"அப்பா?"
எட்டில் உலுக்கினாள்.
"அப்பா, என்னாச்சு?"
பதினொன்று வரை
நான் பதில் சொல்லவில்லை.