அறுபத்தெட்டுப் படிகள்

மிஷ்கோல்ட்ஸ் நகரில் எங்கள் குடியிருப்புக்கு
லிஃப்ட் கிடையாது.
நான்காம் மாடி, அறுபத்தெட்டுப் படிகள்.
முப்பத்தொன்றாவது படியில்
கைப்பையைத் திறந்து சாவி தேடுவேன்.
சாவி கோட்டுப் பையில்தான் இருக்கிறது.
நாயோடு இறங்கிவரும் வெண்டெல்
"இன்றும் தொலைத்துவிட்டாயா, ஹைனல்கா?" என்பார்.
தலையாட்டுவேன்.
பதில் சொன்னால் மிச்சப் படிகளுக்கு மூச்சிருக்காது.

தபால் நிலையத்தில் என் வேலைக்கு
ஒரு சொல் போதும்: அடுத்தவர்.
இரண்டு குளிர்காலமாக
"அடுத்" என்னிடமும்
"தவர்" எங்கோ கூரைப் பக்கத்திலும்.
ஓய்வூதியம் வாங்க வந்த ஒரு கிழவர்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
எனக்காக மூச்சை இழுத்தார்,
குழந்தைக்குச் சோறூட்டுகிறவள்
தன் வாயையும் திறப்பதைப் போல.

ரத்தத்தில் இரும்பு சரி.
இதயத்தின் கோடுகள் சரி.
நெஞ்சுப் படமும் சரி; ஒருமுறை மட்டும்
"ஏறக்குறைய" என்று சேர்த்தார்கள்.
ஏன் என்று கேட்டதும் அதை அழித்துவிட்டார்கள்.
குழாயில் ஊதச் சொன்ன செவிலி
ஊது ஊது ஊது இன்னும் இன்னும் என்று கத்தினாள்.
பிறந்தநாள் கேக்கின் முன் நிற்பவள் மாதிரி ஊதினேன்.
அணைவதற்கு எதிரே எதுவும் எரியவில்லை.

மூத்த மருத்துவர் பேனாவை மூடி
"ஒன்றுமில்லை" என்றார்.
இரவு இரண்டு மணிக்கு அந்த ஒன்றுமில்லை
என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.
வேறொருவர் வயது என்றார்.
இன்னொருவர், "வீட்டில்... கணவரோடு... ஏதாவது..."
என்று இழுத்தார்.
அவருக்கு இழுக்க முடிகிறது.

ஏதாவது இருந்தது, டாக்டர்.
மூன்று வருடம் முன்பு பர்னபாஷ்
ஏழு மாதம் வேறொரு வீட்டில் இருந்தான்.
திரும்பி வந்தான்.
அதைப் பற்றி இருவரும் மூச்சுவிடுவதில்லை.

பிப்ரவரியில், விடுப்பில் போனவருக்குப் பதிலாக
ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள்.
அவளுக்கே ஜலதோஷம்.
என் கோப்பைத் திறக்காமல் மூக்கைத் துடைத்துக்கொண்டு
"எந்த இரவுகளில் நன்றாக மூச்சுவிட்டீர்கள்?" என்றாள்.

நல்ல இரவுகளை யாரும் கேட்டதில்லை.
யோசித்தேன்.
பலட்டோன் ஏரிக்கரையில், அக்கா வீட்டில்,
மூன்றாம் நாளுக்குப் பிறகு.
அப்புறம் இங்கேதான், தாழ்வாரத்துக் கட்டிலில்,
ஆஸ்பத்திரி முத்திரை குத்திய சாம்பல் கம்பளிக்குக் கீழே.

"வீட்டில் எதைப் போர்த்திக்கொள்கிறீர்கள்?"

திரும்பி வந்த அன்று
வாசலில் அதைத் தூக்கிக்கொண்டு நின்றான்.
மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வராது.
வாத்தின் தூவி அடைத்த போர்வை வாங்கியிருந்தான்,
ஒன்றரைக் கிலோ வெள்ளை.
வாங்கிக்கொண்டேன்.
அன்றிரவே இருவரும் போர்த்திக்கொண்டோம்.

"இருக்கலாம்" என்றாள் அவள்.
"சிலருடைய நுரையீரலுக்கு இறகு ஒத்துக்கொள்ளாது.
உறுதியில்லை. இன்னொரு படம் எடுப்போம்."
ஓர் இருக்கலாம்.
டிராமில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
முட்டை வாங்கி வருவது போல.

பர்னபாஷ் பேச்சுமூச்சில்லாமல் கேட்டான்.
கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் அதைத் திணித்தான்.
அது அமுங்கி, பெருமூச்சு விட்டு, மறுபடி எழுந்தது.
முழங்காலை வைத்து அழுத்தியவனின் முகத்தை
நான் பார்க்கவில்லை.
பை பால்கனியில் இருக்கிறது.
தூக்கி எறிய இருவருக்கும் கை வரவில்லை.

இப்போது ஏப்ரல்.
கம்பளி உறுத்துகிறது, பாதங்கள் வெளியே நீட்டிக்கொள்கின்றன.
இன்று நாற்பத்து நான்காம் படியில்தான்
பையைத் திறந்தேன்.
வெண்டெல் குழம்பிப்போனார். நாயும்தான்.
"தொலைக்கிற இடத்தை மாற்றிவிட்டாயா?"

இல்லை வெண்டெல் சாவி தொலையவே இல்லை எப்போதும் என் கோட்டுப் பையில்தான் இருந்தது இத்தனை நாளும் உங்களிடம் பொய்தான் சொன்னேன் ஏனென்றால் எனக்கு

கைப்பிடியில் சாய்ந்தேன்.
மிச்ச வாக்கியத்துக்காக
அவர் ஒரு படி மேலே
நாயை இழுத்துப் பிடித்தபடி நின்றார்.