படர்க்கைக்கு அவசரமில்லை

உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால்
முதல் வினைச்சொல்லிலேயே பேனா நின்றுவிடுகிறது.
வந்தாளா,
வந்தானா.
அதனால் உனக்கே எழுதுகிறேன்:
செவ்வாய், பதினொன்றேகால், நீ வந்தாய்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்ததாம்.
நாற்பத்தெட்டு வேகன் வரைக்கும் எண்ணினேன் என்றாய்.
முதல் அரைமணி அவ்வளவுதான் பேச்சு.
கூட்ஸ் வண்டி, மணலிக் காற்றின் நாற்றம்,
தண்ணி லாரி வராத புதன்கிழமைகள்.
நான் எதையும் தோண்டவில்லை.
தோண்டிப்போட்ட பள்ளங்கள்
உங்கள் தெருவில் ஏற்கெனவே நிறைய.

சீட்டில் பெனிட்டா என்று இருந்தது.
எப்படிக் கூப்பிடட்டும்?
"பெனின்னு. இன்னிக்கு மட்டும்."
அந்த இன்னிக்கு மட்டுமையும்
அப்படியே எழுதிக்கொண்டேன், அடிக்கோடு போடாமல்.

பீரோ கண்ணாடியில் காலண்டர் தாள் ஒட்டியது நீதான்.
கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி
பாதி மூச்சில் கணக்குப் பரீட்சை எழுதியதும்.
அந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்:
கழற்று. விலா எலும்புக்கு இதெல்லாம் புரியாது.

"நான் அதுதானா மேடம், இல்ல சும்மா கொழப்பமா?"
எனக்கும் தெரியவில்லை என்றேன்.
அப்போதுதான் உன் தோள்
காதிலிருந்து கீழே இறங்கியது.

அப்புறம் உன் அப்பா.
துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர்.
எண்ணூர் சாலை வரிசையில் இரண்டு ராத்திரி நின்ற
அதே சட்டையோடு.
"எப்ப முடிவு தெரியும்? ஒரு தேதி சொல்லுங்க.
சர்ச்சுல கேக்கறாங்க."
தேதி இல்லை என்றேன்.
இப்படியே இருக்கலாம், வேறு மாதிரியும் ஆகலாம்,
எதுவானாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கணும்.
விருட்டென்று எழுந்தார், கதவு வரை போனார்.
"ஹார்பர் கேட்ல கூட ஒரு டோக்கன் குடுப்பான்"
என்று முனகிக்கொண்டே
திரும்பிவந்து உட்கார்ந்தார்.

உன் அம்மா எதுவும் கேட்கவில்லை.
டிபன் டப்பாவை மடியில் வைத்தபடி
"புள்ள காலைலேர்ந்து சாப்டல" என்றார்.
புள்ள.
சாப்டல.
பால் காட்டாத இரண்டு சொல்.
தெரிந்து சொன்னாரா, வாய்ப்பழக்கமா,
நான் கேட்கவில்லை.
ஆறு வருஷப் படிப்பை
மேஜைக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

தாளில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.
கம்ப்யூட்டர் ஒத்துக்காது என்று
கீழே கவுன்டரில் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
ஆம்புலன்ஸ் நிற்கும் சந்தில்
ஒரே டப்பாவில் மூன்று கை.
ஒரு வாய் விழுங்கிவிட்டு நீ நகர்ந்து போனாய்,
நாய்க்குட்டியோ, வெறுமனேவோ.
அப்பா தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப்பிடித்துக்
கூப்பிட்டார்:
"பெனி..."
மிச்சம் இரண்டெழுத்தை
இருமல் எடுத்துக்கொண்டதா
அவரே விட்டுவிட்டாரா,
மாடியிலிருந்து தெரியவில்லை.
நீ திரும்பினாய்.