மூன்றரை அடி

முப்பது அடி தோண்டினாலும்
ஒரு கல் தட்டுப்படாத ஊர் இது.
ஜல்லி புதுக்கோட்டையிலிருந்து லாரியில் வரும்,
கம்பி அதைவிடத் தொலைவிலிருந்து.
எங்களுடையது களிமண் மட்டும்.
கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும்,
ஐப்பசியில் ஊதிப் புடைக்கும்,
வாசல்நிலை மூலையில்
பல்லி வால் போல ஒரு விரிசலைக் கிளப்பிவிடும்.

தையல்நாயகி வீட்டுக்கு லிண்டல்.
நான் கம்பி கட்டுகிறவன்.
கீழே பத்து எம்.எம். இரண்டு,
மேலே எட்டு எம்.எம். இரண்டு,
அரையடிக்கு ஒரு ரிங்.
கீழ்க்கம்பிதான் உயிர்.
சுமை ஏறினால் மேல்பக்கம் நசுங்கும்,
கான்கிரீட் அதைப் பொறுத்துக்கொள்ளும்.
கீழ்ப்பக்கம் இழுபடும்,
இழுவைக்குக் கான்கிரீட் வெறும் அப்பளம்.

இதெல்லாம் தெரிந்த கைதான்
காலையில் தம்பியோடு ஃபோனில்
கடன் தகராறு பேசிக்கொண்டே
நாலு கம்பியையும்
நிலையின் அகலத்துக்கே வெட்டியது.
மூன்றரை அடி.
சுவருக்குள் இந்தப் பக்கம் அரையடி,
அந்தப் பக்கம் அரையடி
மறந்தே போனது.

கூடு கட்டிப் பலகையில் இறக்கியபோதுதான் பார்த்தேன்.
இரண்டு கரையும் எட்டாத பனந்தண்டு
வாய்க்காலுக்குள் கிடக்கிற மாதிரி.

வைரக்கண்ணு கொத்தனாரும் பார்த்தார்.
"துண்டு வச்சு ஒட்டுப் போட்டுரு.
கலவ விழுந்துட்டா
யாருக்குத் தெரியப்போவுது?"
ஒட்டு என்றால் இருபது அங்குலமாவது
கம்பியும் கம்பியும் கூடிக் கிடக்க வேண்டும்.
என்னிடம் இருந்தது சாண் சாணாய்த் துண்டு.
ஆனாலும் கொக்கியைக் கையில் எடுத்தேன்.
அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தையல்நாயகி தன் வீட்டுக்குத் தானே சித்தாள்,
ஒரு கூலி மிச்சம்.
வறட்டுக் கலவையில் ஊற்றத் தூக்கிய குடத்தோடு
அப்படியே நின்றாள்.
தை, மாசியில் நெல் கொள்முதல் நிலையத்தில்
சாக்குத் தைக்கிறவள்.
நாற்பது கிலோ மூட்டையில்
ஒரு கிலோ எந்த வழியாகப் போகும் என்று
பார்த்துப் பார்த்துச் சலித்த கண்.
குடத்தை இறக்கிவைத்தாள்.
சாரம் ஏறி
கம்பி முனைக்கு அப்பால் கையை நீட்டினாள்,
சுவரின் கடைசிச் செங்கல் வரைக்கும்
கையில் எதுவும் தட்டவில்லை.

"இது உள்ள போவாதா?"

"போவணும்" என்றேன்.

திருத்துறைப்பூண்டி பதினோரு கிலோமீட்டர்.
முழுநீளம்தான் தருவேன் என்றான் கடைக்காரன்.
இரண்டாய் மடித்து, டி.வி.எஸ்.ஸில் கட்டி,
வால் தார்ரோட்டில் தேய்ந்து பொறி தெறிக்க
அந்த நாள் கூலியை இழுத்துக்கொண்டு வந்தேன்.
கலவையைத் தார்ப்பாய் போட்டு மூடி
மேலே உட்கார்ந்திருந்தாள்.

இருட்டும் நேரம், செல்ஃபோன் வெளிச்சம்,
அடியில் ஓரங்குலக் கவர் கட்டை,
இருபுறமும் சுவருக்குள் புகுந்த கம்பி.
வைரக்கண்ணு ஒரு வார்த்தை பேசவில்லை.
கரணையை மட்டும்
தேவைக்கு மேல் தட்டினார்.

இரண்டு மழை போய்விட்டது.
அந்தத் தெருவில் போகும்போது
நிலைமூலையைப் பார்க்கக்கூடாது என்றுதான் போவேன்.
பூச்சுக்கு மேல் பச்சைப் பெயிண்ட்,
அதற்கு மேல் ஒரு மாவிலைச் சரம்.
வேறொன்றும் தெரியாது.

தெரிவதெல்லாம் கொல்லைப் பக்கம்:
வெட்டிக் கெடுத்த நாலு கம்பி,
உப்புக் காற்றில் துரு ஏறி,
பாகல்கொடிக்கு நட்டு வைத்திருக்கிறாள்.
"எடுத்துட்டுப் போயிடறேன்" என்று ஒரு தரம் கேட்டேன்.
"கெடக்கட்டும், காய் புடிக்குதுல்ல."

கொடி கம்பியின் தலை வரை ஏறிவிட்டது.
அதற்கு மேல்
பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாத இடத்தில்
அதன் சுருள் நுனி
காற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறது.