கூடுதல் துளை

ரசீன் மாவட்டக் கண்காட்சிக் கூடம்.
ஆகஸ்டில் பன்றிகளுக்குப் பரிசு தந்த அதே சிமென்ட் தரையில்
நவம்பரில் பழைய டிரம் சந்தை.
நானூறு டிரம்கள். சுவரில் ஓர் அட்டை:
பன்னிரண்டு மணி வரை யாரும் அடிக்கக் கூடாது.
அதுவரை விலையைத்தான்
அடித்துக் கேட்கிறார்கள்.

என் மேஜை வாசலோரம்.
கதவு திறக்கும்போதெல்லாம் ஏரிக்காற்று
விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் வாங்காமல் போகிறது.
இன்னும் போணி ஆகவில்லை.

பத்தரைக்கு வந்தார் அந்த மனிதர்.
ரப்பர் பூட்ஸ், காதுமூடித் தொப்பி,
எதுவும் வேண்டாதவர் போல ஒரு நடை.
வேண்டுமென்றே வந்தவர்கள்தான்
அப்படி நடப்பார்கள்.
மூன்று டிரம்களை ஒப்புக்குத் தொட்டுவிட்டு
நாலாவதன் மேல் கையை வைத்தார்.
ஷாம்பெயின் மினுமினுப்பு, ஐம்பத்தெட்டாம் வருடத்து ஸ்நேர்,
இன்னும் கன்றுத் தோல்தான்.

"எவ்வளவு?"
சீட்டில் எழுதியிருக்கிறது. ஆனாலும் கேட்பார்கள்.
"அறுநூற்று ஐம்பது."
"நானூறு."

அடிமாட்டு விலை.
மாடோ எப்போதோ அடிபட்டுத் தோலாகி,
தோலான பிறகும் அறுபது வருடம் அடிபட்டு,
இன்னும் பேரம் முடியாமல் கிடக்கிறது.

ஒரு திருகு பிறவித் திருகு இல்லையாம்.
மினுமினுப்பு மஞ்சளித்துவிட்டதாம்.
சிகரெட் புகை என்றேன்,
போல்கா மண்டபத்தில் எது மஞ்சளாகவில்லை?
உள்ளே பூஞ்சை வாடை என்றார்.
தலையாட்டினேன். தலையாட்டக் காசா பணமா?

"பிறகு இந்த ஓட்டை.
தொழிற்சாலையில் போட்டதில்லை.
எவனோ முட்டாள் வீட்டில் வைத்துக் குடைந்திருக்கிறான்.
இதற்கே எண்பது குறைக்க வேண்டும்."

சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.
சுண்டுவிரல் மட்டும்
டிரம்மின் பின்பக்கம் போய்,
தேடாமல், தடவாமல்,
அந்தத் துளைக்குள் உட்கார்ந்திருந்தது,
வீடு திரும்பிய பூனை மாதிரி.

"அந்த முட்டாளுக்கு என்ன வயசு இருக்கும்?"
"இருபது. இல்லை, இருபத்தொன்று."
"எதற்குத் துளைத்தானோ?"
"மாட்டுமணி பொருத்த. கல்யாணக் கச்சேரிகளில்
ஸ்டாண்டு வைக்க இடமே…"
நிறுத்தினார்.
பூட்ஸில் இருந்த பனி கரைந்து
எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடியது.

"துளைத்தவனிடமே எண்பதை வசூலித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.
காதுமூடியைக் கீழே இழுத்துக்கொண்டு
போய்விட்டார்.

எனக்கும் ஒரு கணக்கு உண்டு.
கெனோஷா அடகுக்கடையில் முந்நூற்றுப் பத்துக்கு எடுத்தது.
தோலைக் கழற்றித் துடைத்தபோது
உட்சுவரில் பென்சில் எழுத்து: வெர்ன், மார்ச் 81.
கொஞ்சம் தள்ளி, அதே கையெழுத்து முதிர்ந்து: தொண்ணூறு?
கேள்விக்குறியை அழுத்தியதில் மரம் குழிந்திருந்தது.
எல்லாவற்றையும் துடைத்தேன். அதைத் துடைக்கவில்லை.

தொண்ணூறு, முந்நூற்றுப் பத்து, அறுநூற்று ஐம்பது.
இதில் நியாயம் எந்தப் படியில் நிற்கிறது?
பாலிஷ், பெட்ரோல், இரண்டு ஞாயிறு, என் முழங்கால்:
கூட்டும் ஒவ்வொரு முறையும் வேறு தொகை.

நாலு மணி. எல்லோரும் விலை இறக்கும் நேரம்.
போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தேன். வந்து நின்றார்.
கெட்ட பழக்கம், நானே முந்திக்கொண்டேன்:
"ஓட்டைக்கு எண்பது கழித்துக்கொள்ளலாம்."
"வேண்டாம்," என்றார். "ஓட்டை என்னுடையது."

காசோலைக்கு என் பெயரை
எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டார்.
லோரெய்ன் ஷிமான்ஸ்கி. இரண்டு முறை சொன்னேன்.
மடித்துக் கொடுத்துவிட்டு
நகத்தால் ஒரே ஒரு தட்டு.
சுற்றியிருந்த மேஜைகளில்
விற்காத ஸ்நேர்களின் கம்பிகளெல்லாம் சிலிர்த்தன.

வண்டி கிளம்பிய பிறகுதான் பிரித்தேன்.
வெர்னன் ஹால்வர்சன்.
அறுநூற்று நாற்பது.
கீழே, குறிப்பு எழுதும் கோட்டில்:
பார்க்கிங் பத்து டாலர் போக.